அரசலாற்று முகத்துவாரமும் ‘வீண்’ என்னும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சொற்களை எடைபோட்டுப் பார்ப்பதையே பணியாகக் கொண்ட ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில், ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளை ஆராய்வது பொருத்தமாகும். அச்சொல் அரியதொரு சொல்லன்று. புலவர் நாவிலும் பொதுமக்கள் நாவிலும் நாள்தோறும் வழங்குவது. ‘வீண்’ என்பதே அச்சொல்.

காவிரியில் வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் நாளேடுகள் தவறாமல் ஒரு தலைப்பை வெளியிடுகின்றன. ‘வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்’ என்பது அது. அரசியல் மேடையிலும் அதே தொடர். தேநீர்க் கடையிலும் அதே தொடர். பலமுறை கேட்டுப் பழகிய தொடராதலின், அது உண்மைதானா என்று எவரும் நின்று கேட்பதில்லை. ஆனால், காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று பார்ப்பவர்க்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. ஆற்று நீர் கடலைச் சேர்வது வீணானால், ஆறு என்பதற்கே முடிவு எங்கே?

காரைக்கால், காவிரிப் படுகையின் கடைமடை. குடகு மலையில் பிறந்த நீர் கருநாடகத்தைக் கடந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, கிளையாறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பங்கிடப்பட்டு, எஞ்சியது வந்து சேரும் இடம் இது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த இவ்வூர்ப் பகுதியை நான்கு புறமும் சூழ்ந்திருப்பவை தமிழக நிலமும் வங்கக் கடலுமே. ஆட்சி மாறியது, கொடி மாறியது, நீர் வரும் வழி மட்டும் மாறவில்லை. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராயன் ஆறு என இச்சிறு நிலப்பகுதியில் ஓடும் ஆறுகளின் பெயர்களைச் சொன்னாலே ஒரு பாட்டின் ஓசை கேட்கும்.

இவற்றுள் அரசலாறு முதன்மையானது. கும்பகோணத்தின் தென்புறமாக ஓடிவந்து, காரைக்கால் நகரை ஒட்டிச் சென்று கடலிற் கலப்பது. அதன் பழம்பெயர் அரிசில் என்பதைப் புலவர்கள் அறிவர். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடி, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைச் சிறப்பித்த சங்கச் சான்றோர் அரிசில் கிழார். அரிசில் என்னும் பெயர் தமிழ்க் கவிதையோடு அத்துணைப் பழைய உறவு உடையது. அந்தப் பெயரைத் தாங்கிய ஆறு, வேனிற் காலத்தில் தன் வாயைத் தானே திறக்க வலியின்றி மணல் மேட்டின் பின்னால் தேங்குமானால், அது பொதுப்பணித் துறையார் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று.

காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் இது. பெரியபுராணம் கூறும் அம்மையார் வரலாற்றில் கடல் இன்றியமையாத இடம் பெறுகிறது. தந்தை தனதத்தன் வணிகர் தலைவன். கணவன் பரமதத்தன் மரக்கலம் ஏறிக் கடல் கடந்து செல்கிறான். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழும்போது அம்மையாரின் மாங்கனியை நினைக்கும் மக்கள், அந்த மரக்கலத்தையும் நினைத்தல் வேண்டும். தென்னாட்டின் பழைய துறைமுகங்களுள் பல ஆற்றின் முகத்துவாரத்தை நம்பியே இருந்தன. ஆறு தன் வேகத்தால் மணலைத் தள்ளி வாயைத் திறந்து வைத்தது. அவ்வழியே கலம் புகுந்தது. கலம் புகுந்த அதே வழியில் மீனும் புகுந்தது. இன்று அரசலாற்றின் கரையில் மீன்பிடித் துறைமுகம் இருப்பதும் அந்தப் பழைய உறவின் தொடர்ச்சியே.

இனி, கழிமுகம் என்பது யாது என்று காண்போர்க்கு ஒரு விளக்கம் தேவை. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்குமிடம் கழிமுகம். நன்னீர் எடை குறைந்ததாகையால் மேலே மிதந்து கடலை நோக்கிச் செல்லும். உவர்நீர் எடை மிகுந்ததாகையால் அடியிற் புகுந்து உள்நாட்டை நோக்கி ஏறும். கடலின் ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் இவ்விரண்டையும் கலக்கின்றன. ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலும், கரையோரத் தாவரங்களின் உதிர்ந்த இலைகளும் மக்கி உணவாகின்றன. அலையின் தாக்குதல் இல்லை, ஆழம் குறைவு, பெரிய மீன்கள் துரத்திவர இயலாத சேற்று மூலைகள் பல. ஆதலின், கடல்வாழ் உயிர்கள் பலவற்றின் குஞ்சுகள் வளரும் தொட்டிலாக இவ்விடம் அமைகிறது.

ஒவ்வோர் உயிரும் இத்தொட்டிலை ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்துகிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து, சில மாதங்கள் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். ஆற்றில் வளரும் பெரிய இறாலின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. அது நன்னீரிலிருந்து கழிமுகத்துக்கு இறங்கி வந்தே குஞ்சு பொரிக்கும். கொடுவா மீன் ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, இனப்பெருக்கத்திற்காக முகத்துவாரத்தையும் கடலையும் நாடும். முதலில் ஆணாக இருந்து பின் பெண்ணாக மாறும் வியப்புக்குரிய பிறவி அது. விலாங்கு பல ஆண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்குச் சென்று மறைகிறது. அதன் குஞ்சுகள் கண்ணாடி போன்ற உடலோடு ஆற்றைத் தேடி வருகின்றன. மடவையோ கடலுக்கும் கழிக்குமாக ஓயாது சென்றுவரும். இவை அனைத்துக்கும் பொதுவான தேவைகள் இரண்டு. வாயில் திறந்திருக்க வேண்டும். வாயிலுக்குள் நன்னீர் வந்திருக்க வேண்டும். நன்னீரின் மணத்தையும் உப்பின் குறைவையும் கொண்டே பல உயிர்கள் ஆற்றுவாயை அடையாளம் காண்கின்றன. நீர் வாராத ஆற்றுக்கு வாயிருந்தும் பயனில்லை.

பண்டைத் தமிழ்ப் புலவர்கள் இந்த உண்மையை அறிந்திருந்தனரா என்று கேட்கலாம். அவர்கள் மீனியல் படித்தவரல்லர். ஆயினும் கடற்கரை நிலத்துக்கு அவர்கள் கொண்ட பெயரே ஒரு சான்று. அந்நிலத்துக்குக் கடலின் பெயரை அவர்கள் இடவில்லை. அலையின் பெயரையோ மணலின் பெயரையோ இடவில்லை. நெய்தல் என்னும் ஒரு பூவின் பெயரை இட்டனர். நெய்தல் என்று அறிஞர்கள் காட்டும் நீலமலர் ஆம்பல் இனத்தைச் சேர்ந்தது. அது நன்னீர்ச் செடி. சிறிது உப்பைப் பொறுக்குமேயன்றிக் கடல்நீரில் வாழாது. அப்படியாயின், நெய்தல் பூத்த கழி எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்? உள்நாட்டிலிருந்து நன்னீர் ஓயாது வந்து உப்பைத் தணித்த கழியாக இருந்திருக்க வேண்டும். கடற்கரை நிலத்தின் பெயரிலேயே ஆற்று நீர் கடலைச் சேர்கிறது என்னும் செய்தி அடங்கியிருக்கிறது. ஆறு கடலைச் சேராத கரையில் புன்னை நிற்கும், தாழை நிற்கும், அடும்பு படரும், நெய்தல் பூவாது. பெயர் மட்டும் இலக்கண நூலில் எஞ்சும்.

ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே தடை எழுந்த வரலாறு நெடியது. காவிரிப் படுகையில் அதன் பெரும் திருப்பம் 1836-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். காவிரியின் பாசனம் இவற்றால் உறுதிபெற்றது என்பதை எவரும் மறுக்க முடியாது. தஞ்சைத் தரணியின் நெற்களஞ்சியப் புகழில் காட்டனுக்கும் பங்குண்டு. ஆனால், அணை எழுந்தபோது அதனடியில் வந்து முட்டிநின்ற மீனினம் ஒன்றும் உண்டு.

உல்லம் என்பது அம்மீன். வங்காளத்தார் இலிஷ் என்று போற்றுவதும் அதுவே. கடலில் வாழ்ந்து, ஆற்று வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, நன்னீரில் முட்டையிடுவது அதன் இயல்பு. குஞ்சுகள் ஆற்றில் பொரித்து, கழிமுகத்தில் உப்புக்குப் பழகி, பின்பே கடலுக்குள் செல்லும். மேலைநாட்டார் சால்மன் மீனைப் பற்றிக் கூறும் வரலாறு பெரும்பாலும் இதுவே. நம்நாட்டு ஆறுகளில் சால்மன் இல்லை. கடைத்தெருவில் ‘இந்தியன் சால்மன்’ என்று வணிகர் விற்கும் காலா மீனுக்கும் மேலைநாட்டுச் சால்மனுக்கும் உறவு இல்லை, பெயர்தான் கடன். உறவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், உடலால் அன்று, வாழ்க்கை முறையால், உல்லமே சால்மனின் உறவு.

இங்கே வரலாறு ஒரு வியப்பான செய்தியைத் தருகிறது. ஆற்றணைகளால் கடலோர மீன்வளத்துக்குத் தீங்கு நேர்கிறது என்று 1860-களின் பிற்பகுதியில் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுசென்றவர் வேறெவருமல்லர். அணைகளைக் கட்டிய அதே ஆர்தர் காட்டனே. அதன் பின்னரே மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே என்பார் நாடெங்கும் ஆராய்ந்து, 1873-இல் நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வில்சன் என்பார் கொள்ளிடக் கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்க முயன்றார். 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. 1942-இல் சென்னை மாகாண மீன்துறை அறிஞர் தேவநேசன் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆகிய மூன்று ஆறுகளின் அணைகளும் உல்லத்தின் வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன என்று எழுதினார். எச்சரிக்கை இல்லாமல் இழப்பு நேர்ந்துவிடவில்லை. கட்டியவரே எச்சரித்தார், ஆராய்ந்தவர் எச்சரித்தனர். கேட்கும் செவி குறைவாயிருந்தது. காவிரியில் உல்லம் ஏறுவது அருகிப்போனதற்குக் காரணம் அறியாமையன்று; அந்த அறிவுக்கு எவரும் மதிப்பளிக்காமையே.

இதே கதை வடக்கே கங்கையிலும் நிகழ்ந்தது. 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின், அதற்கு மேலே உள்ள ஊர்களில் இலிஷ் வரத்து வீழ்ந்தது. இலிஷைப் பற்றிப் பாடாத வங்கக் கவிஞர் அரியர் என்பர். பாட்டில் மீன் நிலைத்திருக்க, ஆற்றில் அது குறைந்துபோகும் நிலை அங்கும் வந்தது.

இனி, நிகழ்காலக் கணக்கு ஒன்றைக் காண்பது நலம். காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டது. 1991-இல் அது அளித்த இடைக்கால ஆணையில் காரைக்காலுக்கென 6 டி.எம்.சி. குறிக்கப்பட்டது. 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பில் அது 7 டி.எம்.சி. ஆயிற்று; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்ற மாநிலங்களின் பங்கைத் திருத்தியபோதும் இவ்வளவு மாறவில்லை. இச்செய்தி காரைக்கால் உழவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் அதே தீர்ப்பில் மற்றொரு வரி உண்டு. காவிரியின் மொத்த நீராகக் கணக்கிடப்பட்ட 740 டி.எம்.சி.யில், சுற்றுச்சூழல் காப்புக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடலுக்குச் செல்வதென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டுள்ளன. இரண்டும் சேர்ந்து 14. நூற்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு. ஒரு பேராற்றின் மீன்களுக்கும் கண்டற்காடுகளுக்கும் கழிகளுக்கும் மனிதர் எழுதிவைத்த பங்கு அவ்வளவே. அந்தப் பங்கிலும் ஒரு பகுதிக்குச் சட்ட மொழி கொடுத்த பெயர், ‘தவிர்க்க முடியாமல் வெளியேறுவது’ என்பதாகும். முடிந்தால் தவிர்த்திருப்பார்கள் என்பது அதன் உட்பொருள்.

வெள்ள ஆண்டுகளில் கடலுக்குச் செல்லும் நீர் இவ்வளவினும் மிக அதிகமன்றோ என்று கேட்பது நியாயமே. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் பாய்ந்து, முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டதை அனைவரும் அறிவர். ஆயினும் அவ்வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே சில நாள்களில் ஓடி மறைவது. ஓர் ஆண்டில் உண்ண வேண்டிய உணவை ஒரே வேளையில் ஊட்டிவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் பட்டினி போட்டால் எந்தக் குழந்தையும் வளராது. கழிமுகமும் அத்தகையதே. அதற்கு வேண்டுவது பருவந்தோறும் சிறிதளவேனும் இடையறாது வரும் நீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரசலாறு தன் வலியால் மணலை உடைத்துக் கடலைச் சேர்கிறது. பின்பு நீர் வற்ற வற்ற, அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் வாயை நெருக்குகிறது. கடல்நீர் மட்டும் உள்ளே ஏறி நிற்கிறது. குளிர்ந்திருக்க வேண்டிய தொட்டில் உப்புப் பாத்தியாகிறது.

இங்கே உழவரின் குரலைக் கேளாமல் மேலே செல்வது நேர்மையாகாது. மேட்டூர் திறக்கும் நாளை எண்ணிக் காத்திருந்து, கடைமடைக்கு நீர் வந்து சேருமுன் குறுவையை இழந்த உழவரிடம் சென்று, மீனுக்காக நீரைக் கடலுக்கு விடுங்கள் என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்? அவர் கேட்கும் கேள்வி கூரியது: பயிர் காயும்போது ஆறு ஏன் கடலுக்குப் போக வேண்டும்? அக்கேள்விக்கு உரிய விடை, மீன் பெரிதா நெல் பெரிதா என்னும் வழக்காடலில் இல்லை. விடை நிலத்தின் அடியில் இருக்கிறது. ஆற்றின் நன்னீர் கடலை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் உவர்நீர் அப்பால் நிற்கும். அந்த அழுத்தம் குறைந்தால், உவர்நீர் ஆற்றின் வழியேயும் நிலத்தடியேயும் உள்ளேறும். கடலோர ஊரின் கிணறு கரிக்கும். பின் அடுத்த ஊரின் கிணறு கரிக்கும். கழியில் இறாற்குஞ்சு இழந்ததும் வயலில் நெல்லின் வேர் இழப்பதும் ஒரே நீரையே. ஆதலின் கடைமடை உழவரும் முகத்துவாரத்து மீனவரும் வழக்கின் இருதரப்பினரல்லர், ஒரே தரப்பினர். இருவரும் ஆற்றின் கடைசியில் நிற்பவர். மேலே உள்ளவர் எடுத்துக்கொண்டபின் எஞ்சுவதை எதிர்பார்ப்பவர்.

இவ்விருவர்க்கும் இடையே பகையை மூட்டிய காலமும் உண்டு. 1990-களில் காவிரிப் படுகையின் கடலோரத்தில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. வயலுக்கு அருகே உவர்நீர் தேக்கப்பட்டது. பண்ணைக் கழிவு கழிகளில் கலந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் வந்து, பண்ணைகளுக்கு மீண்டும் முறைப்படி இடம் தந்தது. ஆறு இலவசமாக வளர்த்துத் தந்த இறாலை, ஆற்றைக் கெடுத்துப் பணம் செலவிட்டு வளர்க்கும் நிலை வந்தது என்பதே அக்காலத்தின் சாரம்.

அழிந்த கழிமுகத்தை மீட்க முடியுமா? முடியும் என்பதற்குத் தொலைவிலும் அருகிலும் சான்றுகள் உள்ளன. முதலில் தொலைவுச் சான்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிஸ்குவாலி என்னும் ஆறு கடலிற் கலக்கும் இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்ணை நிலத்துக்காக மண்கரை எழுப்பிக் கடலோதத்தைத் தடுத்தனர். சால்மன் குஞ்சுகள் கடலுக்குச் செல்லுமுன் தங்கி, உப்புக்கு உடலைப் பழக்கிக்கொள்ளும் சதுப்பு அதனால் மறைந்தது. அவ்வாற்றை நம்பி வாழ்ந்த நிஸ்குவாலிப் பழங்குடியினர் தம் நிலத்தில் மீட்புப் பணியைத் தொடங்கினர். 2009-இல் அரசின் வனவிலங்குப் புகலிடத்திலும் கரை அகற்றப்பட்டு, 300 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஓதம் மீண்டும் புகுந்தது. அதே மாநிலத்தின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகள் அகற்றப்பட்டன. அவற்றின் பின்னே தேங்கியிருந்த வண்டல் இறங்கிவந்து முகத்துவாரத்தில் புதுக் கரையை உருவாக்கியது. இவ்விரு இடங்களிலும் மனிதர் முதலில் செய்தது தடையை நீக்கியதே. நீர் தன் பணியைத் தானே செய்தது.

அயல்நாட்டுக் கதை அப்படியே காவிரிக்குப் பொருந்தாது. மேட்டூரை இடிக்கச் சொல்வார் எவருமிலர், இடிக்கவும் கூடாது. கோடிக்கணக்கானோரின் சோறும் குடிநீரும் அதில் உள்ளன. ஆனால் அருகிலேயே பொருந்தும் சான்று உண்டு. காரைக்காலுக்கு வடக்கே பிச்சாவரத்திலும், படுகையின் தென்கோடியில் முத்துப்பேட்டையிலும் கண்டற்காடுகள் உள்ளன. ஆங்கிலேயர் காலந்தொட்டு இக்காடுகளைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டும் முறை இருந்தது. மரம் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து நடுவே தாழ்ந்து தட்டுப்போல் ஆயிற்று. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது. அங்கே மீண்டும் விதை முளைக்கவில்லை. வெட்டியவரையும் மேய்த்தவரையும் பழித்துக் காலம் கழிந்தது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சுற்றியுள்ள சிற்றூர் மக்களும் சேர்ந்து வேறொரு வழியை மேற்கொண்டனர். முதலில் நடவில்லை, முதலில் வெட்டினர். மரத்தையன்று, வாய்க்காலை. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போன்ற அமைப்பு. அவ்வழியே ஏற்றத்தில் நீர் புகுந்தது, வற்றத்தில் வெளியேறியது. தேங்கிய உப்பு கழுவப்பட்டது. அதன் பின்னரே வாய்க்காற்கரையில் கன்றுகள் ஊன்றப்பட்டன. அலையாத்தியும் சுரபுன்னையும் வேர்கொண்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரக் காட்டின் பின்னே இருந்த சில சிற்றூர்கள் சேதம் குறைந்து நின்றதை நாடே பேசியது. அதே நாளில் காரைக்கால் கடற்கரை நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது என்பதை இவ்வவையில் நினைவூட்டத் தேவையில்லை. அந்த இழப்பைச் சுமந்த இல்லங்கள் இன்றும் உள்ளன.

பிச்சாவரம் தரும் பாடம் எளியது: கன்று இரண்டாவது, நீரோட்டம் முதலாவது. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் மரம் நடும் ஆர்வம் மிகுந்தது. நல்ல ஆர்வமே. ஆனால் நீரோட்டம் இல்லாத சேற்றில் ஊன்றும் கன்று, மேடையில் போர்த்தும் பொன்னாடை போன்றது. படம் எடுக்கும் வரையில் நிற்கும்.

அரசலாற்று முகத்துவாரத்துக்கு இப்பாடத்தைப் பொருத்திப் பார்த்தால், செய்ய வேண்டியவை தாமே வரிசைப்படும். முதலாவது, வேனிலிலும் வாய் மூடாதிருக்குமளவு சிறிதேனும் நீர் வருதல். இதற்குத் தனி நீர் கேட்க வேண்டியதில்லை. தீர்ப்பில் எழுதப்பட்ட 10 டி.எம்.சி. எந்த ஆற்றின் வாயில், எந்த மாதத்தில் வந்து சேருகிறது என்று கேட்டாலே போதும். இரண்டாவது, துறைமுகத்துக்காகத் தூர்வாரும்போது படகின் வழியை மட்டுமன்றிப் பக்கக் கழிகளின் வாயையும் திறந்துவிடுதல். படகுக்கு ஆழம் வேண்டும். குஞ்சுக்கு ஆழமின்மை வேண்டும். இரண்டுக்கும் இடம் உண்டு. மூன்றாவது, உவர்நீரைத் தடுக்கக் கட்டும் நீரொழுங்கிகளில் மீன் ஏறிச்செல்லவும் வழி வைத்தல். நான்காவது, நகரின் சாக்கடையும் நெகிழிக் குப்பையும் ஆற்றில் இறங்காமல் காத்தல். இந்த நான்காவதற்கு நடுவர் மன்றமும் வேண்டா, உச்ச நீதிமன்றமும் வேண்டா. ஊரார் மனம் வைத்தால் போதும்.

கடலில் மீன்வளம் காக்கும் பொருட்டு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கின்றன. அந்நாள்களில் வருவாயின்றி இருப்பவர் மீனவர். தாய்மீன் வாழ வேண்டும் என்று அவர் தம் வயிற்றை ஒடுக்குகிறார். ஆனால் அந்தத் தாய் ஈன்ற குஞ்சு புகுந்து வளரக் கழி உயிரோடு இல்லையாயின், அவர் பொறுத்த பசிக்குப் பொருள் என்ன? மீனவர் தம் பங்கைச் செய்கிறார். ஆறு தன் பங்கைச் செய்ய விடுவது மற்றவர் கடமை. வீண் என்னும் சொல்லை எங்கேனும் வழங்க வேண்டுமாயின், பயன்பெறாமற் போகும் அந்தப் பசிக்கு வழங்கலாம்.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பார் இருக்கலாம். நீர் பங்கிடுவது அரசின் வேலை. மணல் அள்ளுவது பொறியாளர் வேலை. கன்று நடுவது வனத்துறையின் வேலை. ஆனால் இவர்கள் அனைவரும் சிந்திப்பது சொற்களால். ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’ என்ற தொடர் நிலைத்துவிட்ட ஊரில், முகத்துவாரத்துக்கு நீர் கேட்டு எழும் குரல் தொடக்கத்திலேயே தோற்றுப்போகும். வீணென்று பெயரிட்ட ஒன்றை எவர் காப்பார்? நாடாளும் மொழி தவறும்போது அதைத் திருத்தும் உரிமை புலவர்க்கு உண்டு. அதுவே அவர் பிழைப்புமாகும்.

அதற்காக மீனைப் பற்றிப் பிரசாரப் பாட்டு எழுத வேண்டும் என்பதன்று. நெய்தலைப் பாடும் கவிஞர், நெய்தல் எங்கே பூக்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பாடினால் போதும். கண்டல், கழி, ஓதம், ஏற்றம், வற்றம், முகத்துவாரம் என்னும் சொற்களை அகராதியிலிருந்து எடுக்காமல் அரசலாற்றங்கரையில் வலை உலர்த்துபவரிடம் கேட்டுப் பெற்றால் போதும். அவரிடம் இச்சொற்களுக்கு இன்னும் பொருள் இருக்கிறது; அப்பொருள் நாளுக்கு நாள் குறைந்தும் வருகிறது. உல்லம் காவிரியில் ஏறிய வெள்ளத்தைக் கண்டவர் இன்று எத்தனை பேர்? ஒரு மீன் ஆற்றை விட்டு அகலும்போது, அதன் பெயரும் அதை ஒட்டிய வழக்குகளும் சில ஆண்டுகளில் நாவை விட்டு அகல்கின்றன. சொல்லைக் காப்பதே தம் தொழில் என்பவர் இதில் ஒதுங்கி நிற்க இயலாது.

கடலில் கலக்கும் நீரை, கடலைச் சேரும் நீர் என்று இந்த வட்டத்தார் முதலில் எழுதத் தொடங்கட்டும். சிறிய மாற்றமே. ஆனால் பத்தாண்டுகளாகச் சொல்லின் அருமை போற்றிவரும் ஓர் அவை செய்யத்தக்க மாற்றம். அடுத்த ஐப்பசியில் அரசலாறு மணலை உடைத்துக் கடலைச் சேரும் நாளில், உறுப்பினர்கள் ஒருமுறை முகத்துவாரத்துக்குச் சென்று நின்று பார்க்கட்டும். செந்நீர் கருநீரோடு கலக்கும் கோட்டில் வலை வீசும் மீனவரை அங்கே காணலாம். அந்நீர் வீணா என்று அவரைக் கேட்டறிந்த பிறகு, வரும் ஆண்டு மலரின் கவிதைகளை எழுதட்டும்.

வட்டத்தின் பணி வளர்க. அரசலாறு கடலைச் சேர்க.